எல்லாவற்றுக்கும் ‘டு’ போட்ட அண்ணிக்கு

என் செல்ல ரெஜினா அண்ணி,

அங்கே இங்கிலீஷில்தான் பேசவேண்டும் என்று யாரும் உங்களைப் படுத்தவில்லையே? படுத்தினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நாத்தனார் இங்கிலீஷ் டீச்சராக இருந்து வேறு எதற்கு?

இங்கே நாங்கள் இருக்கிறோம். கீழ்வேளூரில் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு போஸ்டர் ஒட்டாத சுவர் இல்லை இப்போது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்கிறார், வழக்கம்போல. அண்ணனின் குத்தகை வயலில் சம்பா அறுவடை முடிந்துவிட்டது. மிஷின் வந்து ஒரே மத்தியானத்தில் அறுத்துவிட்டுப் போனது. உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் கூட்டாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். காய்ச்சலில் ஒரு நர்ஸ் போய்விடுவாளா என்று அவர்களாலேயே நம்ப முடியவில்லை. எனக்கு மட்டும் எப்படி முடியும்?

நாம் மீன் கழுவிய சாயங்காலங்கள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? கொல்லைக் குழாயடியில் நீங்களும் நர்சிங் முடித்த உங்கள் மகள் செலினும் மத்தி மீனுக்குச் செதில் எடுப்பீர்கள். நான் ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைப் போடுவேன். அதற்குப் பின்னால் ‘டு’ வருமா, ‘இங்’ வருமா? தப்பாகச் சொன்னவர்தான் ராத்திரிப் பாத்திரம் தேய்க்க வேண்டும். வான்ட், ஹோப், டிசைட் என்றால் ‘டு’, வான்ட் டு ஈட் மாதிரி. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் என்றால் ‘இங்’, என்ஜாய் ஈட்டிங் மாதிரி. செலின் டக்டக்கென்று சொல்லிவிடுவாள். நீங்கள் எல்லாவற்றுக்கும் ‘டு’.

“ஏன் அண்ணி இப்படி?”

“எல்லாத்துக்கும் ஒண்ணையே சொன்னா பாதியாவது சரியா வரும்ல!”

இதற்கு ஏன் இது, அதற்கு ஏன் அது என்று கேட்பீர்கள். காதில் பழகினால்தான் வரும், காரணம் எனக்கும் தெரியாது என்பேன். “தெரியாமத்தான் இத்தன வருஷமா சம்பளம் வாங்குறியா?” என்பீர்கள். நல்ல வாய் அண்ணி உங்களுக்கு.

ஒன்று மட்டும் நீங்கள் தப்பாகச் சொன்னதே இல்லை. ஃபர்கெட் என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டும் வரும், ஆனால் பொருள் மாறிவிடும் என்றேன். தமிழில் சொல்லு என்றீர்கள். மாத்திரை கொடுக்க மறந்துட்டேன், மாத்திரை கொடுத்ததை மறந்துட்டேன், அவ்வளவுதான் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: “கொடுக்க மறந்தா என் வேலை போகும். கொடுத்ததை மறந்து திரும்பக் கொடுத்தா பேஷண்ட் உசுரு போகும். இத எதுக்குப் படிக்கணும்?” இன்றைக்கும் என் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன். யார் சொன்னது என்றும் சொல்கிறேன்.

அயர்லாந்து நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு தடவை உங்களுக்கு மார்க் வரவில்லை. மூன்றாவது தடவை அம்மாவும் மகளும் சேர்ந்தே எழுதுவதாக இருந்தது. அதற்குள் இப்படிக் கைவிட்டுப் போய்விட்டீர்களே என்று சில நாள் உங்கள்மேல் ஆத்திரமாக வரும். யாரிடம் காட்டுவது?

செலின் எழுதமாட்டேன் என்றுவிட்டாள். “நான் அயர்லாந்துக்குப் போயிட்டா அப்பாவ யாரு அத்தை பாத்துப்பா?” என்று ஒரே பிடிவாதம். நான் இருக்கிறேனே என்றால் காதில் வாங்கவில்லை. நாம் விளையாடும்போது “இது வீடா, டுடோரியலா?” என்று கத்திய அண்ணன், வீடு வெறிச்சென்று ஆனதும் விடியுமுன்னே வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் வயலிலிருந்து வந்து கால் கழுவினார். செலின் தனியாக மீனோடு உட்கார்ந்திருந்தாள். நான் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.

“அவாய்ட்?” என்றார் திடீரென்று.

அவள் செதில் எடுத்துக்கொண்டேயிருந்தாள். அவரே பதிலும் சொன்னார். “டு.”

“டு இல்லப்பா, இங்.”

“என்ஜாய்?”

“அதுவும் இங்தான்.”

“உங்கம்மா டுன்னுல்ல சொல்லுவா?”

“அம்மா தப்பாச் சொல்லுவாங்கப்பா” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடைந்துபோய் அழுதாள். நானும் அழுதேன் அண்ணி, மறைக்க என்ன இருக்கிறது?

அண்ணன் குழாயை மூடிவிட்டு அவள் பக்கத்தில் குந்தினார். “அவ தப்பாச் சொல்லிக்கிட்டே ரெண்டு தடவ எழுதப் போனா. நீ எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டு வீட்ல உக்காந்திருக்க. எனக்காக ஒண்ணும் உக்கார வேணாம்டா. போயி எழுது.”

போன வாரம் எழுதினாள். திருச்சியில் பரீட்சை. அண்ணன் கூடவே போய், முடியும்வரை கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறார். வெளியே வந்தவளிடம் முதலில் கேட்டது, “டு வந்துச்சா, இங் வந்துச்சா?” ரிசல்ட் இன்னும் வரவில்லை. வரும், அவள் போவாள், எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் விமானம் ஏறிய பிறகும் நம் வீட்டுக் குழாயடியில் மீன் கழுவுவோம். அண்ணன் ஒரு சொல்லைப் போடுவார், நான் பதில் சொல்வேன். எனக்குச் சரியான பதில் தெரியும். தெரிந்தும் சில நாள் ‘டு’ என்றே சொல்லப்போகிறேன். உங்கள் பதில் அந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அன்று ராத்திரிப் பாத்திரம் என்னுடையது.

உங்கள் வாய்க்கு ஏங்கும் நாத்தனார்,
அமலா