சாவியை எடுத்த பிறகும்

மார்ச் 4

ஒரு காருக்கு ஸ்டார்ட்டர், ஒரு ஸ்கூட்டருக்கு ஹாரன். அண்ணனின் பட்டறையில் ஒயர் வேலை என்னுடையது, இன்றைக்கு அவ்வளவுதான். ஏச்சு மட்டும் மூட்டை மூட்டையாக. எந்த வண்டி படுத்தாலும் அண்ணன் வாடிக்கையாளரிடம் சொல்லும் பதில் ஒன்றே: "கரண்ட் கோளாறு சார்." என்னைக் கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இறங்கிய காருக்கும் இன்று அதையே சொன்னார். தண்ணீர் இறங்கினதுக்கு ஒயர் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டேன்.

"அப்பா இருந்தவரைக்கும் நீ செல்லப் பொண்ணு. இப்ப புருஷன் வேணாம்னு அனுப்பிவிட, வந்து நிக்கிறவ. வாயைக் குறை."

வந்திருந்தவர் முன்னாலேயே சொன்னார். சுத்தியல் சிரித்தான். பட்டறையின் எஞ்சின் மெக்கானிக் அவன்தான். எதையும் தட்டித் தட்டியே சரிசெய்வான் என்பதால் அந்தப் பெயர். என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன் அங்கே அவன் ஒருவன்தான். அவன் சிரித்ததுதான் சுருக்கென்றது.

மார்ச் 9

சுத்தியலுக்கு இரண்டு விரல் போய்விட்டது. எழுத முடியவில்லை.

மார்ச் 10

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். என் தலையே என்னிடம் பொய் சொல்வதற்குள்.

வேன்காரருடைய டீசல் வேன். ஊரில் அவருக்கு ஏழெட்டு வேன் ஓடுகிறது. பட்டறையில் அடுப்பெரிவதே அவரால்தான். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் டைனமோவை நான் மாட்டி முடித்தேன். அண்ணன் ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிய எஞ்சின், யாரும் மிதிக்காமலே கத்த ஆரம்பித்தது. பட்டறை முழுக்கப் புகை. அண்ணன் சாவியை உருவிவிட்டார். நிற்கவில்லை. நான் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை. சாவி இல்லை, பேட்டரி இல்லை, ஓடுகிறது!

ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கழற்றியிருந்தார்கள். எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ விசிறியின் வாய் திறந்து கிடந்தது. அண்ணன் கத்தினார்: "காத்தை அடைடா! கையை வச்சு அடைடா!" சுத்தியல் கைத்துணியோடு வைத்தான். விசிறி துணியை இழுத்தது, துணியோடு விரல்களையும். துணி சிக்கித்தான் எஞ்சின் நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் வேன்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். அண்ணன் கூசாமல் சொன்னார்: "தங்கச்சி ஒயரை மாத்திக் குடுத்துட்டா. கரண்ட் ஏறி எஞ்சின் நிக்கல." உள்ளேயிருந்து வந்த சுத்தியலின் அம்மா என் முகத்தில் காறித் துப்பினாள். துடைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மாற்றிக் கொடுத்தேனா? பெரிய ஒயர், சின்ன ஒயர், எர்த். சரியாகத்தான் மாட்டினேன். மாட்டினேனா?

மார்ச் 13

என் மேசையைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டார் அண்ணன். பல்பு, ஹாரன் மட்டும் பார்க்கலாமாம். பானெட்டைத் திறக்கக் கூடாதாம். "பொம்பளை வேலைன்னு ஊர் சொல்லி மறந்துடும், நீயும் மறந்துடு," என்று அண்ணி தேற்றினாள். அது தேற்றலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து டைனமோ கட்டக் கற்றுக்கொண்ட மேசை இது. என்னிடம் மிச்சமிருப்பதும் இது ஒன்றுதான். என் மேல் தப்பில்லை என்று தெரியாமல் இதன் முன்னால் உட்கார முடியாது. தப்பிருந்தால், அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 22

பின்கட்டில் ஒரு நன்மை. செத்த எஞ்சின்களை எல்லாம் இங்கேதான் எறிகிறார்கள். எனக்குத் துணை.

ஒரு பெட்ரோல் எஞ்சினைப் பிரித்தேன். செல்போனில் ஒருவர் பாடம் நடத்துகிறார். அவரை நிறுத்தி நிறுத்திக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன. மேலே ஏறும்போது நசுங்குகின்றன. சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறி வைக்கிறது. பற்றி வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கடைசியில் புகை வெளியே. இத்தனை வருஷம் அந்தப் பிளக்குக்கு ஒயர் இழுத்திருக்கிறேன், அதன் முனையில் நடப்பது எனக்குத் தெரியாது! இதில் கரண்ட்தான் உயிர். பொறி இல்லையா, எஞ்சின் செத்தது.

அப்படியானால் அண்ணன் சொன்னது சரியா? பேட்டரியைப் பிடுங்கிய பிறகும் நான் மாட்டிய டைனமோவே கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்ததா? நான்தானா?

ஏப்ரல் 2

டீசல் எஞ்சின். பிளக்கைத் தேடினேன், தேடினேன். இல்லை! ஹீட்டர் பிளக் என்று ஒன்று இருக்கிறது. குளிரில் கிளப்பும்போது சூடு கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

இதற்குப் பொறியே வேண்டாம். வெறும் காற்றை இழுத்து, நசுக்கு நசுக்கென்று நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுமே, அந்தச் சூடுதான், பல மடங்கு. அதன் மேல் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. சாவியைத் திருப்பி அணைத்தால் டீசல் வருவது நிற்கும், அவ்வளவுதான். வேறு வழியில் எரிய ஏதாவது கிடைத்தால் அது சாவியையும் மதிக்காது, பேட்டரியையும் மதிக்காது.

என்ன கிடைத்தது அதற்கு?

ஏப்ரல் 3

கிடைத்ததைக் கண்டுபிடித்துவிட்டேன். வேனிலிருந்து கழற்றிய பழைய டர்போ இந்தக் குப்பையிலேயே கிடக்கிறது, விசிறியில் அந்தக் கைத்துணியின் நூல் இன்னும் சிக்கியிருக்கிறது. புதியதை எப்போது மாட்டினார் அண்ணன்? மூச்சே விடவில்லை. பழையதன் தண்டு லொடலொடவென்று ஆடுகிறது. உள்ளே ஒரே ஆயில். தேய்ந்த டர்போ வழியாக எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓடியிருக்கிறது. என் ஒயர் இல்லை. நான் இல்லை. நான் இல்லவே இல்லை!

உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அப்படி ஓடும் எஞ்சினை நிறுத்தும் வழி காற்றை அடைப்பது, அதுவும் பலகையால். அண்ணன் அன்று என்ன கத்தினார்? ஒயர்க் கோளாறு என்று நினைத்த ஆள் "ஒயரைப் புடுங்கு" என்றல்லவா கத்தியிருக்க வேண்டும்? "காத்தை அடை" என்று அவர் வாயில் எப்படி வந்தது?

தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 5

டர்போவைக் கொண்டுபோய் அண்ணன் சாப்பிடும் மேசையில் வைத்தேன். அவர் மென்றுகொண்டே பார்த்தார்.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"என்னைச் சொன்னீங்களேண்ணா."

"என்னைச் சொன்னா நாளைக்கு எவன் வண்டி விடுவான்? உன்னைச் சொன்னா உனக்கு என்ன போச்சு? போறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு?"

அண்ணி அவருக்குக் குழம்பு ஊற்றினாள். டர்போவை எடுத்துவிட்டு மேசையைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன்.

ஏப்ரல் 17

சுத்தியல் வேலைக்குத் திரும்பிவிட்டான். வலது கையில் சுத்தியல் நிற்கவில்லை, இடது கையால் தட்டப் பழகுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை. அவனிடமாவது சொல்லிவிடலாம் என்று போனேன். பாதியிலேயே நிறுத்தினான்.

"தெரியும்க்கா. டர்போவை மாத்தணும்னு நான் முன்னாடியே சொன்னேன், அண்ணன்தான் அப்புறம் பாக்கலாம்னாரு."

"அப்புறம் ஏன்டா உங்கம்மா என் மூஞ்சில துப்புனாங்க?"

"அண்ணன் சொல்லச் சொன்னாரு, அம்மாகிட்ட நான்தான் அப்படிச் சொன்னேன். இந்தக் கையோட என்னை வேற எவன் வேலைக்கு வச்சுப்பான்? நீங்க தங்கச்சி. உங்களை வீட்டை விட்டா துரத்திடுவாரு?"

தலை குனியாமல் சொன்னான். அந்தக் கை மேல் இருந்த இரக்கம் அங்கேயே வற்றிவிட்டது.

மே 11

அண்ணனுக்கு ஒரு ஜீப். டீசல். "என் ஜீப்ல ஒரு பல்பைக்கூட அவ தொட்டதில்ல, அதான் குதிரை மாதிரி ஓடுது," என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வார். காலையில் அதைப் பின்கட்டில்தான் கிளப்புவார். சைலென்சர் என் மேசையைப் பார்த்து இருக்கும்.

சில நாளாக நீலப் புகை. ஆயில் எரிகிற நாற்றம். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது. சொல்லலாமா?

பல்பு, ஹாரன் மட்டும்தானே பார்க்கச் சொன்னார்.

மே 15

புகை தடித்திருக்கிறது. சொல்லவில்லை. காலையில் அது கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்து எத்தனை காலம் ஆயிற்று.

மே 18

இன்று வந்தது. வேன்காரர் வாசலில் நிற்கும்போதே வந்தது. அண்ணன் ஜீப்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார், அது நிற்காமல் கத்தியது. சாவியை உருவினார், இன்னும் கத்தியது. தெருவே கூடிவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சுத்தியல்! ஓடுடா!"

அவன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காற்றுக் குழாயைப் பிடுங்கினான், நான்கு பேர் தள்ளி நிற்க, அந்த அரைக் கையாலும் முழுக் கையாலும் பலகையை அதன் வாயில் அழுத்திப் பிடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். எஞ்சின் நின்றது. தரையில் உட்கார்ந்தவனின் கால்சட்டை நனைந்திருந்தது.

வேன்காரர் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த ஜீப்பை உன் தங்கச்சி தொட்டதே இல்லைன்னு சொல்லுவியே. இதுவும் ஒயர்தானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். "டர்போ" என்றார்.

"அப்ப அன்னைக்கும்?"

அண்ணன் திரும்பி ஜீப்பின் பானெட்டை இழுத்து மூடினார். அதுவே போதும் அந்தத் தெருவுக்கு.

சாயங்காலம் சுத்தியல் பின்கட்டுக்கு வந்தான். சைலென்சர் நிற்கும் இடத்தையும் என் மேசையையும் மாறி மாறிப் பார்த்தான். சுவரெல்லாம் கரி.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"அது கத்துனா நான்தான் ஓடணும்னும் தெரியும்ல?"

தெரியும் என்று சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்: தெரியும்.

மே 20

மேசை முன்னால் வந்துவிட்டது. வேன்காரர் சொல்லிவிட்டாராம், தன் வண்டிகளின் பானெட்டை இனி நான் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும் என்று. அண்ணன் தலையாட்டினார். என்னிடம் பேசும்போது இப்போது தரையைப் பார்க்கிறார்.

சுத்தியல் வரவில்லை. அண்ணி டீ கொண்டுவந்தாள். இத்தனை வருஷத்தில் பட்டறைக்கே எனக்கென்று டீ கொண்டுவந்தது இன்றுதான். சுத்தியல் வேலையை விட்டு நின்றுவிட்டானாம். காலையிலேயே வீட்டுக்கு வந்து சொன்னானாம்.

"வேற எடத்துல வேலை கெடைச்சிடுச்சாடான்னு கேட்டேன். இல்லைங்கறான். அப்புறம் ஏன்டான்னேன். 'இத்தனை நாள் ஒருத்தருக்குத்தான் பயந்தேன் அண்ணி, இனிமே ரெண்டு பேருக்குப் பயப்படணும்'ங்கறான்." அண்ணி சிரித்தாள். "பரவாயில்லையே, அண்ணனுக்கு ஏத்த தங்கச்சியாயிட்ட."

டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டேன். மூன்று வேன் காத்திருந்தன.