சுவருக்குக் கட்டிய பாவாடை

மதினி,

மூன்றடிப் பலகை ஒன்று காலையிலிருந்து என் அடுப்படியில் சாய்ந்து நிற்கிறது. பேரிக்காய்ப் பெட்டியை உடைத்து எடுத்த பலகை. நீங்கள் இருந்த பாதி வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வருகிறதாம். ஆசாரி அங்கே வேலை பார்க்கிறார். கழற்றியதைக் கொண்டுவந்து, "அடுப்புக்கு ஆகும், வச்சுக்கங்கம்மா" என்று கொடுத்துவிட்டுப் போனார். உலை வைக்கும்போது அதை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். வெளியே போய்த் துணி காயப்போட்டேன். இந்தப் பனிமூட்டத்தில் எது காயும்? மறுபடி உள்ளே வந்தேன், பலகையை எடுத்தேன், வைத்தேன். நாலு தடவை ஆயிற்று. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் மகளின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதுகிறேன். பழனியில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போன இடத்தில் போன மாதம் கண்ணை மூடிவிட்ட உங்களுக்கு! கிறுக்கச்சி என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

நாம் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் நினைவிருக்கிறதா? மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் அறையில் பகலெல்லாம் பிள்ளைகளுக்கு ஸ்கர்ட் தைத்துத் தைத்து நம் கண்ணிலும் காதிலும் அதுதான். வீட்டுக்காரத் துரைசானி சாவியைக் கொடுக்கும்போது, ஸ்கர்ட்டிங்கைத் தினமும் சுத்தமாக வைக்க வேண்டும் என்றாள். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னீர்கள்: "ஏ புள்ள, தெனமும் பாவாடையைத் தொவைக்கணுமாம்ல. இந்தக் குளிருல எப்படிக் காயும்?" நானும் அவளைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் தினமும் துவைத்தேன். கைவிரலெல்லாம் வெடித்துப் போயிற்று. பிறகு அவளே ஒருநாள் வந்து, சுவரின் அடியில் ஓடும் தேக்குப் பலகையை விரலால் தடவி, தூசியைக் காட்டிச் சத்தம் போட்டாள். அந்தப் பலகைக்குப் பேர்தான் ஸ்கர்ட்டிங்காம்! அவள் போனதும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோமே! அன்றிலிருந்து நமக்கு அது பாவாடைதான்.

பின்னறைகளுக்கு நடுவில் ஒரு வாசல் இருந்தது. அதில் கதவு ஒன்று பேருக்குத்தான். உங்கள் தையல் மிஷின் அந்தப் பக்கம், என் மகளின் தொட்டில் இந்தப் பக்கம். என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி லாரி ஓட்டிப் போய்விட்டால் வருவதற்கு இரண்டு நாள் ஆகும். நான் தனியாக இருக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. பிள்ளை சிணுங்கினால் மிஷினை மிதித்தபடியே தொட்டில் கயிற்றை இழுப்பீர்கள்.

பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும்போது உங்களுக்கு இருமல் வந்தது. நயா பைசா வந்த வருஷம். முதலில் பஞ்சுத் தூசி என்றீர்கள். பிறகு டாக்டர் டி.பி. என்றார். மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கிறவரை இங்கேதான் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நீங்களாகவே தம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டீர்கள், தொட்டில் கயிற்றை விட்டுவிட்டீர்கள். அது எனக்குப் போதவில்லை. நீங்கள் இருமும்போதெல்லாம் நான் போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "அந்த வாசல்ல குளிர்காத்து வருது மதினி. புள்ளைக்கு ஆகல. அடைச்சிருவோமா?"

"அடைச்சிரு புள்ள. வெரசா அடைச்சிரு" என்றீர்கள்.

கதவையும் நிலையையும் எடுத்துச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனால் வாசல் இருந்த இடத்தில் மட்டும் பாவாடை இல்லை. என் பக்கத்தில் மூன்றடிச் சுவர் அம்மணமாகத் தெரிந்தது. ஆசாரி புதுத் தேக்கை இழைத்து, பழைய பலகையைப் போலவே ஓரத்தில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தார். வைத்துப் பார்த்தால் பழசு காப்பி நிறம், புதுசு தேன் நிறம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இங்கன ஒரு வாசல் இருந்துச்சுன்னு ஊருக்கே சொல்லுதே ஆசாரி!" என்று கத்தினேன். பார்க்கிறவர்கள் ஏன் அடைத்தாய் என்று கேட்பார்களே, எல்லோரிடமும் காற்று என்று சொல்ல முடியுமா? என் பயமெல்லாம் அதுதான்.

நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் எட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஏன் புள்ள கத்துற? நாம தைக்கிறவளுகதான? வெளுத்த பாவாடை கிழிஞ்சா புதுத்துணியா வச்சு ஒட்டுப் போடுவோம்? உள்மடிப்புல வெட்டித்தான எடுப்போம்? என் பீரோவுக்குப் பின்னால சொவத்துல இதே பழைய பாவாடை மறைஞ்சு கெடக்கு. ஆசாரி, அதைக் கழட்டி இந்தப் பிள்ளைக்கு வைங்க."

அப்படியே வைத்தார். நிறமும் காடியும் ஒன்றுபோல் பொருந்திவிட்டன. எங்கே வாசல் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. "உங்க பக்கத்துக்கு?" என்று கேட்டேன். "என் பக்கத்துக்கென்ன? யாரு வந்து பாக்கப் போறா?" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன், சண்டாளி.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். ஒன்றரை வருஷம் கழித்து, கன்னத்தில் சதையோடு, கையில் டாக்டர் கொடுத்த காகிதத்தோடு வந்தீர்கள். என் முன்வாசலில் நின்று மகளை எட்டிப் பார்த்தீர்கள். "படம் எடுத்துப் பாத்தாச்சு. நெஞ்சுல ஒண்ணுமில்லன்னுட்டாக" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "காத்து இன்னும் வருதா புள்ள?"

"இல்ல மதினி. நல்லா அடைஞ்சிருச்சு" என்றேன்.

"அப்பச் சரி" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். குழாயடியில் பேசினோம், பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக நடந்தோம். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்து உங்கள் முன்னறையில் வைப்பேன். பின்னறைக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. அந்தச் சுவரை உங்கள் பக்கமிருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் ஒருநாள்கூட உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

பலகைக்கு வருகிறேன். வாசல் இருந்த இடத்தில் உங்கள் பக்கத்துச் சுவருக்குத் தேக்குக்குப் பதிலாக வைத்திருந்த பெட்டிப் பலகை இதுதான். நாலாவது தடவை அடுப்புப் பக்கம் எடுத்துப் போனபோதுதான் பார்த்தேன். ஆணி அடித்த தடமே இல்லை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு திருகாணி ஓட்டை, அவ்வளவுதான். பலகையோடு ஓடினேன். "ஏன் ஆசாரி, இதுக்கு ஆணி அடிக்கலயா?"

அவர் உளியைக் கீழே வைத்தார். "அடிக்கத்தாம்மா போனேன். அந்தம்மா விடல. திருகாணியே போடுங்க ஆசாரி, புள்ளைக்குக் காத்து ஒத்துக்கிட்டதும் தங்கச்சி வாசலைத் தொறக்கச் சொல்லும், அப்பக் கழட்ட லேசா இருக்கும்னாங்க. கதவையும் விறகுக்குப் போடவிடல. அவங்க கட்டிலுக்கடியிலதான் கெடந்துச்சு. இன்னைக்குத்தான் வெளிய எடுத்துப் போட்டோம்."

முற்றத்தில் அந்தக் கதவு கிடந்தது. கொண்டியில் எண்ணெய் போட்டிருந்தது. ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் அசைந்தது.

நான் சொன்ன காற்றை நம்பினீர்களா, நம்பியதுபோல் இருந்தீர்களா? எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து இதே கேள்விதான். ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். நான் உங்கள் தேக்கைப் பார்த்துக்கொண்டு, வாசலே இருந்ததில்லை என்பதுபோல் படுத்திருக்கிறேன். முன்வாசலில் நின்று நீங்கள் கேட்டது காற்றைப் பற்றி என்று நினைத்துப் பதில் சொன்னேனே, பாவி! நீங்கள் கேட்டது கதவை அல்லவா?

உலை கொதித்து அடங்கிவிட்டது. பலகையை அடுப்பில் வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். இன்னொரு தடவை முன்வாசலில் வந்து நின்று அதையே கேளுங்கள். இந்தத் தடவை சரியாகச் சொல்கிறேன்.

காத்தே வரல மதினி. அன்னைக்கும் வரல.