இடது கன்னத்து மச்சம்

வாஹாகா, அக்டோபர் 14

அன்பு மகள் நெரெய்தாவுக்கு அப்பா எழுதுவது. முட்டி வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்த வின்னிபெக் குளிரில் நீ சுகமாக இருந்தால் அதுவே போதும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, அம்மா இருந்தால் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பாள். அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது, பேச ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே திரும்பிப் போக விசா கிடைக்காமல் நீ அடக்கத்துக்கு வர முடியாமல் போனது உன் தப்பில்லை. இறந்தவர்கள் வீடு தேடி வரும் நவம்பர் படையலுக்கும் வர முடியாது என்று போனில் நீ அழுததும், அம்மா முகத்தை மரப்பலகையில் செதுக்கி அச்சடித்துப் படையலுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று முடிவு செய்தேன்.

லேசர் மெஷின் வைத்திருக்கும் நம் ஃபிதென்சியோவிடம் அவளுடைய போட்டோவைப் பலகையில் பொசுக்கித் தரச் சொன்னேன். முகம் மெஷின் வேலை, கூந்தலும் சால்வையும் என் உளி வேலை. ஒன்பது நாள் செதுக்கினேன், பலகையிலிருந்து அவள் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மை தடவி அச்சடித்தால், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில்! நாற்பது வருட அச்சுவேலைப் பழக்கத்தில் போட்டோவை நான் இடம் வலம் திருப்பிக் கொடுக்க, மெஷின் தானாகவே இன்னொரு தரம் திருப்பியிருக்கிறது. பலகையில் சரியாகத் தெரிந்தால் தாளில் தப்பு என்பது கற்றுக்குட்டிக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை, மகளே.

படையலுக்கு வருகிறவள் இது என் முகமில்லை என்று திரும்பிப் போய்விடுவாளோ என்று ஃபிதென்சியோவிடம் புலம்பினேன். அவன் சிரித்துவிட்டு, "அண்ணே, அக்கா தினம் கண்ணாடியில பாத்த மூஞ்சி இதுதானே? அவங்களுக்கு அடையாளம் தெரியும், உங்களுக்குத்தான் தெரியலை" என்றான். வாயாடிப் பயல், ஆனால் சொன்னது சரி. வேறு பலகை செதுக்கவில்லை.

உன் படத்தைச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன், கத்தி வைக்காமல் மெல்லப் பிரி. கண்ணாடிக்கு எதிரே மாட்டு. கண்ணாடிக்குள் அம்மா நமக்குத் தெரிந்த முகத்தோடு இருப்பாள், நீ பக்கத்தில் போய் நில். கண்ணாடியில் தெரிகிறதை அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, உங்கள் இருவரையும் ஒரே பலகையில் செதுக்க வேண்டும். இந்தத் தடவை நான் திருப்ப மாட்டேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். காதை மூட மறக்காதே.

உன் அப்பா
எலெயூதெரியோ