தேய்ந்துபோன விளக்கு

அக்கா, அன்று ஆஸ்பத்திரியில் நான் உங்களிடம் சொல்லாதது இதுதான்: நீங்கள் தேடிய டோக்கன் உங்கள் டப்பாவிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டில் பெயின்ட் வேலை. காலையிலிருந்து யாரோ கதவை உப்புத்தாளால் தேய்க்கிற சத்தம். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு இதை எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில்லறை கிடைக்காதபோது கடைக்காரர்கள் தாங்களே அடித்துக் கொடுத்த பித்தளை வில்லைகள்தான் அந்த டோக்கன்கள். அந்தந்தக் கடையில் மட்டும் செல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் கடைகளில் நாம் இருவரும் அவற்றைத்தான் கிளறிக்கொண்டிருப்போம். எனக்கு அது பொழுதுபோக்கு. உங்களுக்கு அப்பா.

உங்கள் ஊர் மளிகைக் கடையில் மீதிச் சில்லறைக்கு விளக்குச் சின்னமும் ஊர்ப் பெயரும் போட்ட டோக்கன் கொடுத்தார்கள். மறுவாரம் அதைக் கொண்டு அரிசி வாங்கப் போன உங்கள் அப்பா அப்போது சிறுவன். "நாங்க டோக்கனே அடிச்சதில்ல. எங்கலே களவாண்ட?" என்று கடைக்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு அவரைத் தூணில் கட்டிவைத்தார்கள். சாகும்வரை ஊரில் அவருக்கு 'டோக்கன் கள்ளன்' என்றுதான் பெயர். உங்கள் அண்ணனே அதை நம்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கெடச்சாப் போதும்ட்டி, எங்கண்ணன் மூஞ்சிக்கு நேரா நீட்டிருவேன்" என்பீர்கள்.

அருள்புரம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த கை உங்களுடையது. பனியனில் பொட்டுக் கறை இருந்தாலும் ஒதுக்கிவிடும். டோக்கன்களையும் அது விடவில்லை. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுவீர்கள்.

"தேய்க்காதீங்கக்கா, எழுத்துப் போயிருமுங்க."

"கறையோட இருந்தா ரிஜக்ட் பீஸுட்டி. வையும்போதும் ஒரு 'ங்க' போடுதா பாரு!" என்று என் கொங்குப் பேச்சைச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

நீங்கள் படுத்த படுக்கையான பிறகு டப்பா என்னிடம் வந்தது. நீங்கள் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்றாகியிருந்த ஒன்றைச் செல்போன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விளக்கின் தண்டு தெரிந்தது. அதன் கீழே உங்கள் ஊர்ப் பெயரில் பாதி. நிமிர்த்தினால் ஒன்றுமில்லை.

மறுநாள் ஆக்சிஜன் மாஸ்கை விலக்கிவிட்டுக் கேட்டீர்கள்: "கெடச்சுதாட்டி?"

"இல்லீங்கக்கா. தேடீட்டு இருக்கறனுங்க."

"தேடு."

அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

உங்களை ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் உங்கள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி, டோக்கனைச் சாய்த்தும் காட்டினேன். அவர் அதை வாங்கி, வெயிலில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லியேம்மா" என்று என் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு வேனில் ஏறினார்.