மழைக்காலத்திலும் ஆளை வேலையைவிட்டு அனுப்பாத கடை

பாய், நம் கடை இப்படித்தான் ஓடும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். தாம்பரம் மொத்தமும் அதற்குச் சாட்சி. இன்று காலை நம் ஏசி சர்வீஸ் கடை வாசலில் மெக்கானிக் சேகர் ஃபில்டர் கழுவிக்கொண்டிருந்தான். நனைந்த தூசியின் வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறாற்போல் இருந்தது.

அந்தக் கோடையை மறக்க முடியுமா? செம்பாக்கத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை உலகமே நமக்குப் போன் அடித்தது. அனுப்ப ஆள் இல்லை. மழைக்காலத்தில் வேலை இல்லையென்று எல்லாக் கடைகளையும்போல நாமும் மெக்கானிக்குகளை நிறுத்தியிருந்தோம். பங்குனியில் கூப்பிட்டால் ஒருவன் சாப்பாடு டெலிவரி, மற்றவன் வேறு கடை. "ஏசி கேஸெல்லாம் ரொப்பி வெச்சோம், ஆளை வுட்டுட்டமேண்ணா" என்று தலையில் கைவைத்தீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் கலெக்டரே வந்து யோசனை கேட்டிருப்பார், அவருக்கு நேரமில்லை.

அடுத்த மழைக்கு நீங்கள் ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவர்களுக்குக் கீசர், வாஷிங் மெஷின் ரிப்பேர் பழக்கினீர்கள். புது ஏரியா பிடிக்கலாம் என்று நான் துள்ளினால், "மொதல்ல யாரு போவான்னு சொல்லுண்ணா, அப்பறம் போர்டு மாட்டலாம்" என்பீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு வந்த முதல் மழையில், கடையை ஏற்றுக்கொண்ட உங்கள் மகள் ஷமீம் என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், மூணு பேரை நிறுத்திடலாம்னு இருக்கேன். சும்மா கேரம் ஆடிட்டு இருக்காங்க."

அதில் சேகரும் ஒருவன். அவன் மனைவி நிறைமாதம்.

"இன்னாம்மா இப்டி சொல்லிட்ட? ஆஸ்பத்திரில உங்கப்பா என் கையப் புடிச்சிக்கினு இன்னா சொன்னாரு தெரியுமா? மழைல ஒருத்தனையும் வேலைய வுட்டு அனுப்பாதண்ணான்னாரு. அதான் கடைசிப் பேச்சு."

"அத்தா அப்படியா சொன்னாங்க?" கையிலிருந்த சம்பள நோட்டை மூடினாள். "சரி அங்கிள், இருக்கட்டும்."

இந்தக் கோடையில் பக்கத்துக் கடைகள் ஆளுக்கு அலைகின்றன. நம் வண்டிகள் விடிந்ததும் கிளம்பிவிடுகின்றன. ஷமீம் இப்போதே அடுத்த வருடத்துக்கு யார் யார் வேண்டும் என்று யோசிக்கிறாள். நான் டீக்கடையில் உங்கள் கடைசிப் பேச்சைச் சொல்லிச் சொல்லி, இப்போது அதில் நீங்கள் கண்கலங்குவதையும் சேர்த்துவிட்டேன்.

உங்களிடம் மறைக்க முடியுமா பாய்? அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடிக்கவில்லை. கடைப் பேச்சையே எடுக்கவில்லை. கண்ணைத் திறந்து, "காலைலேந்து இங்கயே கீறியே, எதுனா துன்னியாண்ணா?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான்.

அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.