மாமி சுடாத வெடி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ட்வெய்ட்டாவில் எனக்கு அறை தந்திருக்கும் உதயகுமாரி மாமி இருபது வருடங்களாகத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் வென்று வருபவர். பயப்படாதீர்கள், குறிப்பலகையைத்தான் சுடுவார்! சனிக்கிழமை இறுதிப் போட்டிக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைசி வெடியை அவர் சுடும் முன்பே புள்ளி காட்டும் அவருடைய திரையில் பத்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாமி துப்பாக்கியை வைத்துவிட்டு, "அது என்ரை வெடியில்லை" என்று நடுவரிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற போட்டியாளர் பலகை மாறி மாமியின் பலகையில் சுட்டிருந்தார். பிறகு மாமி சுட்டதற்கு ஒன்பதுதான். முதலிடம் போய்விட்டது.

"கவலையில்லையோ மாமி?"

"நான் சுடாத வெடிக்கு எனக்கேனடி கிண்ணம்?" என்று சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் நடக்கவே பெருமையாக இருந்தது.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வாருங்கள் அப்பா, குரல் மட்டும் போதவில்லை. பஸ் வருகிறது.

மகள்
தர்மிகா