ஃபுல்லா தண்ணீர் குடிக்க மறுத்த ஐந்து நாட்கள்

மன்சூரா, எகிப்து,
15 ஜூலை 2023, சனிக்கிழமை, காலை 7.20

அன்பு மகள் ஷாஹிந்தாவுக்கு,

இறைவன் கருணையால் நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்காலும் அவளுடைய இரத்த அழுத்தமும் சென்ற மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பின்லாந்தின் ஊலுவில் நீயும் உன் ஆராய்ச்சியும் முன்னேறிக்கொண்டிருக்க வேண்டுகிறேன். வியாழக்கிழமை பிற்பகல் 3.15-க்கு நீ அழைத்து உன் முயல் ஃபுல்லா எப்படி இருக்கிறாள் என்று கேட்டபோது, “இருக்கிறாள்” என்ற ஒரே சொல்லோடு தொலைபேசியை வைத்துவிட்டேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. முழு உண்மையைத் தொலைபேசியில் சொல்லப் புகுந்தால் உன் அம்மா நடுவில் வந்து தேதிகளைக் கலைத்துவிடுவாள் என்பதால் எழுதுகிறேன். வரிசையாகப் படி. சிறுவயதில் கதைப் புத்தகங்களுக்குச் செய்ததுபோல் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே.

ஜூன் 2, வெள்ளிக்கிழமை, விமான நிலையத்தில் அவளை என்னிடம் ஒப்படைத்தபோது தினமும் நூற்றைம்பது மில்லி தண்ணீர் உள்ளே போகவேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னாய். ஜூலை 7 வரை கூண்டில் தொங்கிய பாட்டிலிலிருந்து அவ்வாறே போயிற்று, குறிப்பேட்டில் ஒருநாள் விடாமல் எழுதியிருக்கிறேன். எட்டாம் தேதி சனிக்கிழமை அவள் அந்தப் பாட்டிலையே கடித்துத் தின்றுவிட்டாள். ஆகவே ஒன்பதாம் தேதி காலை, பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட சர்பத் கிண்ணத்தைக் கழுவி, நீர் நிரப்பி, மட்டத்தை நீல மையால் கோடிட்டு வைத்தேன். மாலையில் பார்த்தால் நீர் ஏறக்குறையக் கோட்டிலேயே நின்றது. ஆவியானதைக் கழித்தால் அவள் குடித்தது பூஜ்யம். பாசனத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கால்வாய்களின் நீர்மட்டம் குறைகிறதே என்று கவலைப்பட்டவன் நான், ஒரு கிண்ணத்தின் நீர்மட்டம் குறையவில்லையே என்று கவலைப்பட்டது அன்றுதான் முதல் முறை.

திங்கட்கிழமை கிண்ணத்தை நிழலுக்கு மாற்றினேன், பிறகு கிழக்கு நோக்கி வைத்தேன், பிறகு ஒரு பனிக்கட்டி போட்டேன். மொட்டைமாடியில் கறிக்காக நாற்பது முயல் வளர்க்கும் மூன்றாம் தளத்து உம்மு ஹாஷிம் இதையெல்லாம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “ஹாஜ், முயலுக்கு எதுக்குங்க தண்ணி? எங்க ஆத்தா காலத்துலருந்து ஒரு முயலுக்கும் நான் தண்ணி காட்டினதில்ல. தழையிலயே எல்லாம் இருக்கு. தண்ணி குடிச்ச முயல் வயிறு ஊதித்தான் சாகும்” என்றாள். குடிக்காமலே இது சாகப்போகிறதே அம்மா என்றேன். அவள் குனிந்து ஃபுல்லாவின் முதுகை அமுக்கிப் பார்த்து, “ரெண்டேகால் கிலோ இருக்கும். தானாச் செத்தா ஹராமாப் போயிடும் ஹாஜ், ஒரு வார்த்தை சொல்லுங்க, உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி முடிச்சுடறேன். முயல் குழம்புக்கு முலூக்கிய்யா கீரை என் செலவு” என்றாள். அவள் கெட்டவள் அல்லள். உண்மையிலேயே உதவியாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, 11ஆம் தேதி, செய்து காட்டினால் கற்றுக்கொள்வாள் என்று கருதிப் பால்கனியில் குப்புறப் படுத்துக் கிண்ணத்தில் நாக்கை நீட்டி நானே ஐந்தாறு முறை நக்கிக் குடித்தேன். ஃபுல்லா என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எதிர்வீட்டு எஞ்சினியர் லபீப் தம் பால்கனியிலிருந்து, “ஹாஜ், வீட்டுல கிளாஸ் எல்லாம் உடைஞ்சு போச்சா? சொல்லக் கூடாதா?” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூவினார். பத்து நிமிடத்தில் அவருடைய மனைவி ஆறு கண்ணாடிக் குவளைகளைக் கூடையில் வைத்துக் கயிற்றில் கீழே இறக்கி, தெருக் கடைக்காரர் கையில் எங்களுக்குக் கொடுத்தனுப்பினாள். அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் அவமதிப்பு, வைத்துக்கொண்டால் வதந்தி உண்மையாகிவிடும். இன்னும் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை அவள் தழையையும் ஒதுக்கிவிட்டாள், காதுகள் தொங்கின. மினிபஸ்ஸில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகையில் பக்கத்து இருக்கைக்காரர், “கூட வெங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க” என்று ஆலோசனை தந்தார். எருமைகளையே பார்த்துப் பழகிய இளைஞரான டாக்டர் நாதர், “முயலைக் காப்பாத்தச் சொல்லித் தூக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான் மாமா” என்று சிரித்தார். பிறகு ஃபுல்லாவின் தோலைக் கிள்ளிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “நாளைச் சாயங்காலத்துக்குள்ள அம்பது மில்லியாவது குடிக்கணும். இல்லன்னா சிறுநீரகம் தாங்காது” என்று ஊசியில்லாத ஒரு பீச்சாங்குழலைக் கொடுத்தார். அன்று அதே கிண்ணத்திலிருந்து உறிஞ்சி ஒன்பது முறை வாயில் விட்டேன். ஒன்பது முறையும் என் மூக்குக்கண்ணாடியில் துப்பினாள்.

வியாழக்கிழமை நீ அழைத்தபோது அவள் கூண்டின் மூலையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். மாலை 5.10-க்கு உம்மு ஹாஷிம் கத்தியோடு வந்தாள், கீரையை நறுக்கிவைத்துவிட்டே வந்திருந்தாள். “தள்ளுங்க ஹாஜ், உங்களால பாக்க முடியாது, உள்ள போய் ரேடியோவ சத்தமா வச்சுக்கோங்க” என்றாள். நான் கூண்டின் கதவை மறைத்து நின்றேன். என் மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டேன், குரல் உடைந்துவிட்டது, மறைக்க விரும்பவில்லை. அவள் என் கைக்கடியில் புகுந்து குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். “இங்க யாருக்குக் கல்யாணம்? இந்தத் தண்ணி ஏன் இப்படி மணக்குது?”

உன் அம்மா சமையலறை வாசலில் நின்றாள், கையில் விருந்தாளிகளின் சர்பத்தில் மணத்துக்கு விடும் ஆரஞ்சுப்பூ நீர்ப் புட்டி. நான் தொழப் போகும் நேரமெல்லாம் கிண்ணத்தில் அதை விட்டிருக்கிறாள். ஞாயிறன்று இரண்டு சொட்டு, குடிக்கவில்லை என்று திங்களன்று நான்கு, வியாழனன்று ஒரு கரண்டி. “பாட்டில்ல இருந்தவரைக்கும் பரவால்ல. சர்பத் கிண்ணத்துல வச்சதுக்கப்புறம் வெறுந்தண்ணியை எப்படிக் கொடுக்கறது? மக விட்டுட்டுப் போன விருந்தாளி, நாளைக்கு நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?” என்று அழுதாள். அதே கிண்ணத்தில் வாய்வைத்துக் குடித்த எனக்குத் தெரியாமற்போனது ஏன் என்று நீ கேட்பாய். 3 மார்ச் 2009-இல் நடந்த மூக்கு அறுவைக்குப் பின் மணம் என்பது பிறர் சொல்லி நான் நம்பும் செய்தி.

உம்மு ஹாஷிம் கத்தியைத் தரையில் வைத்து, சோற்றுப் பானையின் அலுமினிய மூடியைக் கழுவிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஃபுல்லாவின் முகத்தருகே நகர்த்தினாள். முதலில் மூக்கு அசைந்தது. பிறகு மீசை நனைந்தது. பிறகு, மகளே, அவள் தலையை உயர்த்தாமல் குடித்தாள், அந்த நக்கும் ஓசை கூடம் முழுதும் கேட்டது. 5.26 முதல் 5.31 வரை, எழுபது மில்லி. நிறுத்தி, வாயைத் துடைத்துக்கொண்டாள். யாரேனும் குடித்து முடித்தால் நம் வாய் தானாகச் சொல்லுமே, அப்படி உம்மு ஹாஷிம், “ஹனீயன், இனிதாகட்டும்” என்று சொல்லிவிட்டாள். சொன்னபின் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பதில் சொல்ல முயலுக்கு மொழியில்லாததால், “அல்லாஹ் உங்களுக்கும் இனிதாக்கட்டும்” என்று மரபுப்படி நானே சொன்னேன். அவள் கத்தியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு, “போச்சு. ஹனீயன் சொன்ன வாயால இனிமே இதுக்கு நான் பிஸ்மில்லா சொல்ல முடியாது. இந்தக் கீரையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்று என்னைத் திட்டியபடியே போனாள். நேற்று வெள்ளிக்கிழமை ஃபுல்லா குடித்தது நூற்று அறுபத்தைந்து மில்லி, என் காலணி வாரையும் தின்றிருக்கிறாள்.

உன் அம்மாவை நீ ஒன்றும் கேட்டுவிடாதே. கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லாதே. ஜூன் மாதம் நீ எழுதிய கடிதத்தில் தேதி இல்லை, இனி தவறாமல் இடு. வெயில் இல்லாத ஊர் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. இறைவன் உன் அறிவையும் ஆயுளையும் பெருக்குவானாக. அங்கே நீ குடித்து முடித்தால் ஹனீயன் சொல்ல ஆளிருக்காது என்று நேற்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு இங்கிருந்து நான் சொல்கிறேன், நீ அங்கே அந்த நேரத்துக்குக் குடி. நம் இரு ஊர்களுக்கும் இப்போது கடிகாரம் ஒன்றே என்பதைச் சரிபார்த்துவிட்டேன். பதில் சொல்ல மறவாதே.

உன் அன்புத் தந்தை,
வக்தி ஷம்ஸுத்தீன்